முப்பத்தொன்றாம் குப்பி

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே சண்டை. டீயில் சர்க்கரை குறைவு என்றார் இவர். எவ்வளவு குறைவு என்று கேட்டேன். "ஊர் உலகத்துக்கெல்லாம் அளந்து குடுக்குற, வீட்டுச் சர்க்கரைய மட்டும் கண்ணாலயே போடுற" என்றார். பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். வண்டி தாமதமாக வந்தாலும் அவர் வாய் நேரத்துக்கு வந்துவிடும்.

பதினொரு மணிக்கு ஒரு தொலைபேசி. சின்னக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் தனியாளாக வேலை பார்க்கும் பெண். ஜனவரியில் நாங்கள் வெளியிட்ட ஒப்பீட்டு ரத்தத்தில் முப்பத்தொன்றாம் எண் குப்பி அவளிடம் போயிருக்கிறது. அதில் ஈயம் டெசிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் என்கிறது எங்கள் சான்றிதழ். அவள் கருவி பத்து புள்ளி எட்டு காட்டுகிறதாம்.

"மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன் மேடம். அதேதான் வருது. பாட்டில்ல ஏதாவது..."

முடிக்க விடவில்லை நான். "பாட்டில் தப்பாகாதும்மா. அதுக்குத்தானே சான்றிதழ் குடுக்குறோம்? உங்க மெஷின்தான் கூடக் காட்டுது. பத்துன்னு வர்ற மாதிரி சரிபண்ணிக்கோங்க."

"சரிங்க மேடம். சாரி மேடம்."

எதற்குச் சாரி? பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை. கடைத் தராசைச் சரிபார்க்க முத்திரை போட்ட படிக்கல் இருக்கிற மாதிரி, ரத்தத்தில் ஈயம் பார்க்கும் கருவிகளைச் சரிபார்க்க எங்கள் குப்பி. படிக்கல்லோடு யாராவது வாதாடுவார்களா? இருந்தாலும் கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருக்கலாம்.

மார்ச் 5, புதன்

ஈயம் அளக்கும் கருவியில் கரி படிந்த கிராஃபைட் குழாயை மாற்றினேன். தலைவலி. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

இயக்குநர் அழைத்தார். எங்களுக்குள் அவர் பெயர் தசமம். எந்த எண்ணைக் கொண்டுபோனாலும் "அடுத்த தசமம் என்ன?" என்பார். இருபத்துநாலாம் தேதி அங்கீகாரக் குழு வருகிறது. ஈய ரத்தத்தின் கோப்பைத்தான் முதலில் காட்டப் போகிறாராம். "நம்ம வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கணும்மா அது" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்னொரு தொலைபேசி. பெரிய தனியார் ஆய்வகம், தடித்த குரல். அவர்களுக்குப் போனது 1126ஆம் குப்பி. ஒன்பது புள்ளி மூன்று வருகிறதாம், குறைவாக. "எங்க மெஷின் புதுசு மேடம், போன மாசம்தான் வந்துச்சு" என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னான். இவனிடமும் அதே பாட்டைப் பாடினேன். சாரியெல்லாம் சொல்லவில்லை, பட்டென்று வைத்துவிட்டான்.

மாலை பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. முப்பத்தொன்று கூட. ஆயிரத்து நூற்று இருபத்தாறு குறைவு. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கை, அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே?

முப்பத்தொன்று தொடக்கத்தில் நிரப்பியது. 1126 கடைசியில்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கி, நடந்து வந்தேன்.

மார்ச் 12, புதன்

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன்.

நிதானமாக எழுதுகிறேன், எனக்கே விளங்கட்டும். மொத்தம் ஆயிரத்து இருநூறு குப்பி. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஈயம்தானா என்று பார்க்க, தொடக்கம் முதல் கடைசி வரை இருபது குப்பி எடுத்து அளப்போம். சீர்மைச் சோதனை என்று பெயர். அளக்கும்போது குப்பிகளைக் கலைத்துப் போட வேண்டும். 61க்கு அப்புறம் 901, அப்புறம் 241 என்று. ஏனென்றால் அளக்க அளக்கக் கருவியும் தளர்ந்துபோகும், குழாயில் கரி படிந்து எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். குப்பிகளை எண் வரிசையில் போட்டால், இறங்கியது கருவியா குப்பியா என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நானே வகுப்பெடுப்பேன். சீட்டைக் கலைக்காமல் ஆடினால் அது ஆட்டமே இல்லை என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன்.

நோட்டில் என் கையெழுத்தில்: 1, 61, 121, 181... கடைசி 1141. வரிசை. அச்சுப் பிசகாத வரிசை.

கலைத்த பட்டியலும் அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. போட்டவள் நான், பயன்படுத்தாதவளும் நான். அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாலு மணிக்குள் எண் வேண்டும் என்று தசமம் இரண்டு முறை கதவைத் தட்டினார். பெட்டியிலிருந்து குப்பிகள் வரிசையாக வந்தன, அப்படியே தட்டில் ஏற்றிவிட்டேன். இந்த ஒரு தடவைதானே என்று.

எண்கள் பத்து புள்ளி எட்டில் தொடங்கி ஒன்பது புள்ளி இரண்டு வரை படிப்படியாக இறங்கின. நான் என்ன செய்தேன்? கருவி சறுக்குகிறது என்று ஒரு கோடு போட்டு அந்தச் சறுக்கலைக் கழித்தேன். எல்லாம் சமமாகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்? சாய்வைக் கழித்தால் சமம்தான் மிஞ்சும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!

கருவியின் சறுக்கலைப் பார்க்கவென்று கடைசியில் வைத்த, அளவு தெரிந்த ஈய நீர் இரண்டு சதவீதம்தான் இறங்கியிருந்தது. "ரத்தத்தில் சறுக்கல் கூடுதலாக இருக்கும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். யாருக்காக எழுதினேன்? எனக்கு நானே காதில் பூ வைத்துக்கொண்டேன்.

வெளியே ஐந்து ஆய்வகங்கள் அளந்து சொன்னதன் சராசரிதான் அந்தப் பத்து. ஒருவர் கூடச் சொன்னார், ஒருவர் குறைத்துச் சொன்னார். அவர்கள் கை சரியில்லை என்றேன். ஊரில் எல்லோர் கையும் கோணல், என் கை மட்டும் நேர்.

மார்ச் 13, வியாழன்

நிரப்பும் அறைக்குப் போனேன். அங்கே இருபது வருடமாக இருக்கிறவரை எல்லோரும் கடிகாரம் என்போம். எட்டரைக்கு வருவார், நாலரைக்குக் கிளம்புவார், நடுவில் பூகம்பம் வந்தாலும் மாறாது. ஈய ரத்தம் நிரப்பிய நாளின் பதிவேட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"கலக்கியோட வேகத்தப் பாக்குறீங்களா மேடம்?"

"ஏன்?"

"அன்னைக்கு நுரை கட்டி நிரப்புற ஊசி அடைச்சுக்கிச்சு. நீங்கதான் வந்து பாத்துட்டு, பாதியாக் குறைங்கன்னு சொன்னீங்க. எழுதி உங்ககிட்ட சுருக்கொப்பமும் வாங்கியிருக்கேன்."

இருக்கிறது. நீல மையில் என் சுருக்கொப்பம்.

ஈயம் ரத்தத்தின் சிவப்பணுக்களில்தான் போய் உட்காரும். கலக்குவது மெதுவானால் அணுக்கள் அடியில் படியும். பாத்திரத்தின் குழாய் அடியில் இருக்கிறது. முதலில் நிரப்பிய குப்பிகளுக்குக் கெட்டியான ரத்தம், கடைசிக் குப்பிகளுக்கு நீர்த்தது. இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

"ஏதும் பிரச்சனையா மேடம்?" என்றார். தெரியவில்லை என்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி அளந்தேன். இந்த முறை எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. கடிகாரத்தைக் கூப்பிட்டு, இருபத்துநாலு குப்பியைச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னேன். எண்ணை மறைத்து எழுத்து ஒட்டினார், எந்த எழுத்து எந்தக் குப்பி என்ற தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பரீட்சைத் தாள் வைத்திருக்கும் வாத்தியார் மாதிரி பையைத் தட்டிவிட்டு வேறு போனார்.

நாலேகாலுக்கு முடிந்தது. தாளை மேஜையில் விரித்தோம். தொடக்கக் குப்பிகள் பத்து ஏழு, பத்து எட்டு. கடைசிக் குப்பிகள் ஒன்பது மூன்று, ஒன்பது இரண்டு. நடுவில் உள்ளவை மட்டும்தான் பத்து.

நாலரை தாண்டியும் அவர் கிளம்பவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முப்பத்தொன்றாம் குப்பியில் இருப்பது பத்து புள்ளி எட்டேதான். அந்தப் பெண்ணின் கருவி சரியாக இருந்தது. சரியாக இருந்த கருவியை நான்தான் கெடுக்கச் சொன்னேன். இப்போது அது எல்லாவற்றையும் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பத்துதான் எல்லை. பத்தைத் தாண்டினால் சிகிச்சை, தாண்டாவிட்டால் "ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க." பத்தரை இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கருவி ஒன்பது ஏழு காட்டும். பத்து நாளாக எத்தனை பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொன்னாளோ!

மார்ச் 17, திங்கள்

தசமத்திடம் சொன்னேன். முழுவதும், வரிசையாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"இன்னும் ஒரு வாரம்மா. ஒரே ஒரு வாரம். இப்பப் போயி..."

பிறகு வழியும் அவரே சொன்னார். சான்றிதழில் பத்து, கூடக்குறைய புள்ளி மூன்று என்று இருப்பதை, கூடக்குறைய ஒன்று என்று மாற்றித் திருத்தம் அனுப்பிவிடலாம். எல்லாக் குப்பியும் அதற்குள் அடங்கிவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். "பொய் இல்லையேம்மா" என்றார். பொய் இல்லைதான். அப்படியும் கேள்வி வந்தால் நிரப்பும் அறையில் நடந்த தவறு என்று ஒரு வரி எழுதிவிடலாம்.

"அங்க சுருக்கொப்பம் என்னோடது சார்" என்றேன்.

"அதப் பாத்துக்கலாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆமாம், ஆட்டினேன். இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

திருத்தச் சான்றிதழ் எழுதி முடித்தேன். அழகாக வந்திருக்கிறது. கடிகாரம் எதிரில் வந்தபோது மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் மாமனார் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை பார்ப்பார், குறைந்ததை மட்டும் டாக்டரிடம் காட்டும் நோட்டில் எழுதுவார். "முதல் ரெண்டும் மெஷின் சூடாகறதுக்கும்மா" என்றார் என்னிடம். வழக்கமாகச் சிரிப்பேன். இன்று நோட்டைப் பிடுங்கி மூன்றையும் எழுதினேன். இவர் அடுப்படிக்கு வந்து, "அப்பாகிட்ட ஏன் எரிஞ்சு விழற? என்ன ஆச்சு உனக்கு?" என்றார்.

சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டது இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"அந்தத் திருத்தம் போனா, ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு அந்தப் பிள்ளைங்களத் திரும்பக் கூப்பிடணும்னு தெரியுமா?" என்றார் பிறகு.

தெரியாது. ஒரு தாள் வரும், கோப்பில் வைப்பாள். அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

ஒன்பது பத்துக்கு அவளை அழைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி தலையாட்டிவிடுவேன், எனக்கே தெரியும்.

"தப்பு உங்க மெஷின்ல இல்லம்மா. எங்க பாட்டில்ல. என்கிட்ட. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை போல இருந்தது.

"அறுபத்துநாலு பிள்ளைங்க மேடம்" என்றாள்.

பழைய பேட்டரி உடைக்கும் தெரு ஒன்றிலிருந்து மொத்தமாகக் கூட்டிவந்து பார்த்திருக்கிறார்கள், நான் சரிபண்ணச் சொன்னதற்கு மறுவாரம். அளந்த எண்களெல்லாம் அவள் கருவியில் அப்படியே இருக்கின்றன. இருவரும் தொலைபேசியை வைக்காமலே ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அவள் படிப்பாள், நான் பெருக்கிச் சொல்வேன். ஒன்பது ஆறு என்பாள், பத்து நாலு என்பேன். முடித்தபோது பன்னிரண்டு மணி.

ஐந்து பேர். எல்லை தாண்டியும் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஐந்து பேர்.

மிடுக்குக்காரனையும் அழைத்துச் சொன்னேன். அவனுக்கு நான் தவறு என்பதில் அவ்வளவு சந்தோஷம். இருக்கட்டும்.

மார்ச் 21, வெள்ளி

தசமம் கத்தவில்லை. கத்தினால் பதில் பேசியிருப்பேன். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்ல?" என்றார், அவ்வளவுதான். இப்போது மறைக்க ஒன்றுமில்லை, எல்லாக் குப்பிகளையும் திரும்பப் பெறும் கடிதம் அவர் கையெழுத்தில் போயிற்று. காரணம் என்ற இடத்தில் நிரப்பும் அறை என்று தட்டச்சாகியிருந்தது. அடித்துவிட்டு "அளவீட்டுப் பிரிவு" என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திரும்ப அடிக்கவில்லை அவர்.

மார்ச் 24, திங்கள்

குழு வந்தது. கல்யாண ஆல்பத்தை நானே விரித்தேன். குழுவில் இருந்த ஓர் அம்மாள் வரிசையாக எண் போட்ட பக்கத்தில் விரலை வைத்தார். "இதுக்கு நீங்கதானே வகுப்பெடுக்குறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 27, வியாழன்

ஐந்தில் நாலு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சிகிச்சை தொடங்கியாயிற்று. ஐந்தாவது, ஒன்பது ஆறு என்று வந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை, அவளைக் காணோம். வீடு பூட்டியிருக்கிறதாம்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் இல்லை. வேலை ஓடவில்லை. சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள், அந்தக் கடிதத்தைக்கூட இரண்டாம் தடவை படிக்கவில்லை. ஒன்பது ஆறு, ஒன்பது ஆறு என்றே மண்டைக்குள் ஓடுகிறது. அந்தப் பிள்ளை எங்கே போயிருக்கும்?

ஏப்ரல் 9, புதன்

விடுப்புப் போட்டுவிட்டு நானும் போனேன். அந்தப் பரிசோதனைக்கூடப் பெண்ணை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். என்னைவிடப் பத்து வயது சிறியவள், வேகமாக நடக்கிறாள். வீடு வீடாகக் கேட்டோம். நாலாவது தெருவில் ஒருவர், குழந்தையின் அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் சொந்தமாகவே பட்டறை போட்டுவிட்டதாகச் சொன்னார். போனோம். முன்னறைதான் பட்டறை, பின்னறைதான் வீடு. குழந்தை உடைத்த பேட்டரித் தகடுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "இது கடை. என்ன வேணும்?" என்றது.

அம்மாவிடம் சொல்ல வழியெல்லாம் வாக்கியங்கள் அடுக்கிவைத்திருந்தேன். அணுக்கள் படிந்தது, கலக்கியின் வேகம். அதையெல்லாம் விட்டுவிட்டு, பாப்பாவை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களே" என்றாள் அந்த அம்மா.

"அது தப்புங்க. தப்பு இவங்க மேல இல்ல, நான் பண்ணது. பாப்பாவுக்கு ஈயம் கூடவே இருக்கு. இன்னைக்கே வரணும்."

கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பவும் மெஷின்ல பாத்துதான சொன்னீங்க? இப்பச் சொல்றது மட்டும் சரின்னு நான் எப்படி நம்பறது?"

பதினெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. என் வேலையே இதற்குப் பதில் சொல்வதுதான்.

"நம்ப வேணாம்" என்றேன். "இவங்க ஆஸ்பத்திரில ஒரு தடவ பாருங்க. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேற ஒரு இடத்துலயும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா அப்புறம் நம்புங்க."

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டினாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மருத்துவமனையில் பதினொன்று புள்ளி நாலு. வேறு இடத்தில் பதினொன்று புள்ளி இரண்டு. ஒரு மாதத்தில் ஒன்று ஏறியிருக்கிறது. அந்த ஒரு மாதம் நான் கொடுத்தது.

மே 20, செவ்வாய்

புது ரத்தம் நிரப்பினோம். கலக்கி முழு வேகத்தில். நுரை வந்தது, நாலு தடவை நிறுத்தி ஊசியைக் கழுவினோம். கடிகாரம் ஆறு மணிக்குக் கிளம்பினார்.

செப்டம்பர் 3, புதன்

மதியம் நிரப்பும் அறைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்றார்கள். குழந்தையின் அம்மா. பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், குழந்தையின் அப்பா வேலைத்துணியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறாராம். நேற்று மறுபடி ரத்தம் பார்த்தார்களாம்.

"ஆஸ்பத்திரில ஏழு புள்ளி மூணு. இன்னொரு இடத்துல ஏழு புள்ளி ஒண்ணு. ரெண்டுல எது சரி?"

"ரெண்டும் சரிங்க."

"அதெப்படி ரெண்டும் சரியாகும்?"

கலக்கியை ஓடவிட்டுவிட்டு, எந்தக் கருவியும் கொஞ்சம் கூடக்குறையத்தான் சொல்லும், எவ்வளவு கூடக்குறைய என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்தான் அது நேர்மை என்று பத்து நிமிடம் விளக்கினேன். நடுநடுவே "ம்" கொட்டினாள். பின்னால் குழந்தை யாருக்கோ எதையோ விற்றுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் கடைசியில். "இருந்தாலும் அடுத்த தடவையும் நான் ரெண்டு இடத்துல பாத்துக்குறேன்."

பாருங்க என்றேன்.